புது மோனோஃபின், 25 மீட்டர் குளம்: போட்டுப் பார்த்ததும் மூன்று சந்தேகங்களும்

சிறுவாணித்தண்ணி (கோவை)

ஒரே மூச்சில் முங்கி நீந்துகிற ஃப்ரீடைவிங் பயிற்சிக்கு மோனோஃபின் (இரண்டு காலையும் சேர்த்து மாட்டுகிற ஒற்றைத் துடுப்பு) வாங்குவதா, இன்னொரு ஜோடி நீளத் துடுப்பே வாங்கிக்கொள்வதா என்று இங்கே எல்லாரையும் பிடுங்கியெடுத்தேன் இல்லீங்களா, கடைசியில் மோனோஃபின்தான். வந்து சேர்ந்து, கல்லூரிக் குளத்தில் போட்டும் பார்த்தாயிற்று. கண்ணாடி இழை பிளேடு (துடுப்பின் பலகை), சாஃப்ட். ஹைப்பர் வகை, அதாவது ஃபுட் பாக்கெட்டும் (காலை நுழைக்கிற ரப்பர் உறை) பிளேடும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. பாதத்தை முழுசாக நீட்டும்போதுதான் பிளேடு உடம்புக்கு நேராக வரும்படி ஒரு கோணத்தில் பொருத்தியிருப்பார்கள். அகலம் ஏறக்குறைய 70 செ.மீ.

முதலில் பணக்கதை. துடுப்பின் எடை ஒன்றும் பெரிதில்லை, பெட்டிதான் பெரிது. கூரியர்காரர்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி அதை எடையாக மாற்றித்தான் பில் போடுகிறார்கள். அதற்கு மேல் கஸ்டம்ஸ். வெளிநாட்டுக் கடையின் பக்கத்தில் பார்த்த விலையை வீட்டில் சொல்லி வைத்துவிடாதீர்கள், அப்புறம் மிச்சக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டு பேர் ஒட்டுக்கா வரவழைத்தால் கொஞ்சம் மிஞ்சும்.

மாட்டுவதே ஒரு வேலை. கரை விளிம்பில் உட்கார்ந்து, காலையும் ஃபுட் பாக்கெட்டையும் நன்றாக நனைத்து, ஷாம்பு கலந்த தண்ணீர் கொஞ்சம் விட்டு, குதிகாலை உள்ளே தள்ள வேண்டும். மாட்டிய பிறகு எழுந்து நடக்க முடியாது. நான் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நீச்சல் கிளாஸ் பொடியன்கள் எல்லாம் கிட்டே வந்துவிட்டார்கள். ஒரு வாண்டு, "கடல்கன்னிக்கு மீசை இருக்குது டோய்" என்று கத்தினான். கோச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்ணீருக்குள் இறங்கியதும் தெரிந்த முதல் விஷயம், நீளத் துடுப்பில் பழகிய கால் இதில் உதவாது. அங்கே தொடையால் தள்ளித் தள்ளியே காலத்தை ஓட்டிவிடலாம். இங்கே முழங்காலை மடக்கி உதைத்தால் பிளேடு மேலும் கீழும் வழுக்குகிறது, உடம்பு இருந்த இடத்திலேயே ஆடுகிறது. ஈரத் துணியை உதறும்போது உதறல் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்கு ஓடுமே, அந்த மாதிரி அசைவு நெஞ்சில் கிளம்பி, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று இறங்கி பிளேடின் நுனியில் போய் முடிய வேண்டும். தலையைத் தூக்கி முன்னால் பார்த்தோமோ, அலை பொடனியிலேயே செத்துப்போகிறது. முகம் குளத்தின் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மோனோஃபினை முதலில் மூச்சு விட்டுக்கொண்டே பழகுங்கள். புதுத் துடுப்பு வந்ததும் நேராக 50 மீட்டர் அடித்துப் பார்க்கத்தான் யாருக்கும் கை அரிக்கும். எனக்கும்தான். ஆனால் மூச்சடக்கிப் போகும்போது நெஞ்சு முட்டலைக் கவனிப்பதிலேயே பாதி புத்தி போய்விடும். முழங்கால் என்ன செய்கிறது, கணுக்கால் நீண்டிருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்காது. முகத்துக்கு நடுவில் நிற்கிற முன்பக்க ஸ்நார்க்கல் ஒன்று வாங்கி, கைகளை முன்னால் நீட்டி, தண்ணீர் மட்டத்திலேயே மெதுவாகப் போய் வாருங்கள். அடுத்து மல்லாக்கப் படுத்து உதையுங்கள். முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் அதிகம் மடக்குகிறீர்கள் என்று அர்த்தம். எந்தக் கோச்சும் சொல்ல வேண்டாம், அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

நெக்வெயிட், அதாவது மிதந்து மேலே போகாமல் இருக்கக் கழுத்தில் போடுகிற எடை, நானே செய்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, வலை விற்கிற கடையில் வாங்கிய ஈயக் குண்டுகளைப் போட்டு, இரண்டு முனையையும் டேப்பால் இறுகச் சுற்றி, முன்னால் சட்டென்று கழற்றுகிற பக்கிள் வைத்தேன். நெஞ்சு நிறைய மூச்சோடு ஒரு மீட்டர் ஆழத்தில் சும்மா வழுக்கிப் போகும்போது மேலேயும் போகக்கூடாது, கீழேயும் போகக்கூடாது. அதுதான் சரியான எடை. நம் ஊர் வெயிலுக்கு வெட்சூட் தேவையில்லை என்பதால் ஈயமும் குறைவாகவே போதும்.

இப்போது சந்தேகங்கள். ஒன்று, கொஞ்ச நேரம் அடித்தாலே இடுப்புக்கு மேலே முதுகு வலிக்கிறது. இரண்டு, சுவரில் திரும்புவது எப்படி? மூன்று, எங்கள் குளத்தின் ஒரு பக்கம் நாலடிதான் ஆழம், பிளேடு நுனி டைல்ஸில் தட்டுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

---

பனியன்கம்பெனி (திருப்பூர்)

மீசை வைத்த கடல்கன்னி போட்டோ இல்லாமல் இழை தொடங்கியதைக் கண்டிக்கிறேனுங்ணா.

சீரியஸாக ஒரு கேள்வி. குதிகாலும் பெருவிரல் மேட்டுப் பக்கமும் உரியாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? நண்பர் ஒருவரின் துடுப்பை இரவல் வாங்கிப் போட்டதில் எனக்கு இரண்டு காலும் புண். ஒரு வாரம் பாத்ரூம் செருப்போடு கம்பெனிக்குப் போனேன்.

---

லேன்நம்பர்4 (நாமக்கல்)

மூன்று சந்தேகத்துக்கும் ஓரளவு பதில் இருக்கிறது.

முதுகு வலிக்குக் காரணம் முதுகில் இல்லை, தோளில் இருக்கிறது. சுவரில் முதுகையும் பின்மண்டையையும் ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் காதோடு ஒட்டி மேலே தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு சுவரைத் தொட வேண்டும், அதே நேரம் கீழ்முதுகு சுவரை விட்டு வளைந்து விலகக்கூடாது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு விலகும். நாள் முழுக்க பைக் ஹேண்டிலையும் கம்ப்யூட்டரையும் பிடித்த தோள் அப்படித்தான் இருக்கும். தோள் திறக்காததால் கைகளை நேராக நீட்டுவதற்குக் கீழ்முதுகு வளைந்து கொடுக்கிறது. அந்த வளைவோடேயே நூறு தடவை உதைத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? தண்ணீருக்கு வெளியே தோளுக்கும் கணுக்காலுக்கும் தினம் பத்து நிமிஷம் கொடுங்கள். அதுவரை ஒரு கையை முன்னால் நீட்டி, இன்னொன்றை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நீந்துங்கள். வேகம் குறையும், முதுகு தப்பிக்கும்.

திரும்புவதற்கு: சுவரை ஒரு கையால் தொட்ட உடனே உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள். முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுத்து, காலை அப்படியே கிடைமட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து, பாதத்தைச் சுவரில் பதித்துத் தள்ளுங்கள். நீச்சல் வீரர்கள் அடிக்கிற குட்டிக்கரணம் இதில் வேண்டாம். அப்படிச் சுற்றினால் பிளேடின் முழு நீளமும் தண்ணீருக்கு வெளியே வந்து பளாரென்று அடிக்கும், பக்கத்து லேனில் யாராவது இருந்தால் அவர் கதி அவ்வளவுதான். சாய்ந்து திரும்பினால் நாலடித் தண்ணீரிலும் இடம் போதும். தள்ளிய உடனே உதைக்காதீர்கள். சுவர் கொடுத்த வேகம் தீரும் வரை வழுக்குங்கள்.

நாலடிப் பக்கத்துக்கு என் யோசனை, அந்தப் பக்கமே போகாதீர்கள். பழகுகிற காலத்தில் ஆழமான முனையில் அகலவாக்கில் குறுக்கே நீந்துங்கள். தூரம் குறைவுதான், ஆனால் தள்ளல், நாலைந்து உதை, திரும்பல் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

சாஃப்ட் பிளேடு வாங்கியது நல்ல முடிவு. ஹார்ட் பிளேடெல்லாம் ஃபின் சுவிம்மிங் (துடுப்பு மாட்டி நீந்துகிற வேகப் போட்டி) ஸ்பிரின்ட் ஆட்களுக்கு. அவர்கள் மூச்சடக்கி 50 மீட்டரை 14 வினாடிக்குள் முடிக்கிறார்கள். நமக்கு ஒரு மீட்டருக்கு ஒரு வினாடி ஆனாலே தாராளம்.

---

சிறுவாணித்தண்ணி (கோவை)

சுவர் பரீட்சை செய்து பார்த்தேன். மணிக்கட்டு சுவரைத் தொட, முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையே வைக்கலாம். ரொம்ப நன்றிங்க.

@பனியன்கம்பெனி, 2 மி.மீ. நியோப்ரீன் சாக்ஸ் போடுகிறேன். அதற்கு ஏற்றபடி ஃபுட் பாக்கெட் அளவையும் ஒன்று கூட்டி வாங்க வேண்டும், இது முக்கியம். இரவல் துடுப்பு என்றால் புண் வரத்தான் செய்யும், ரப்பர் ஒருத்தர் காலுக்குப் பழகியிருக்கும்.

---

பனியன்கம்பெனி (திருப்பூர்)

அளவு கூட்டி வாங்க எனக்கு இப்போது வழியில்லை, இரவல்தான் விதி. லைக்ரா கட் பீஸ் இங்கே குப்பையாகக் கிடக்கிறது. மெல்லிசாக, தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி நம்ம ஃபிளாட்லாக் டெய்லரிடம் ஒரு ஜோடி சாக்ஸ் தைத்துப் பார்க்கப் போகிறேன். தடிமன் ஏறாது, உராய்வும் இருக்காது. சரியாக வந்தால் எல்லாருக்கும் இலவசம், வராவிட்டால் யாரும் கேட்கக்கூடாது.

---

மூச்சுக்கணக்கு (ஈரோடு)

தம்பி, பதிவு நன்றாக இருக்கிறது. ஸ்நார்க்கலோடு பழகச் சொன்னதை நான் வழிமொழிகிறேன். பிசியோதெரபிஸ்ட் என்கிற முறையில் தோள் விஷயத்தையும்தான். ஆனால் இவ்வளவு நீளப் பதிவில், நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் இல்லையே?

---

சிறுவாணித்தண்ணி (கோவை)

அதை எழுத விட்டுப்போச்சுங்கக்கா. எப்போதும் என்கூடப் பயிற்சி எடுக்கும் நண்பர் இருந்தார். ஒருத்தர் கீழே, ஒருத்தர் மேலே. லைஃப்கார்டிடமும் என்ன செய்யப்போகிறோம் என்று முன்பே சொல்லிவிடுவோம்.

---

மூச்சுக்கணக்கு (ஈரோடு)

நல்லது. புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளத் துடுப்போடு கூட இருந்து பார்ப்பதும் மோனோஃபினோடு கூட இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல.

மூச்சு முட்டுகிற உணர்வு ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால் வருகிறது. தண்ணீரில் இறங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறும், ஆக்சிஜன் ஒன்றும் கூடிவிடாது. சும்மா இருக்கும்போதே ரத்தத்தில் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. ஆக, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போகிறோம். முட்டலே வராமல் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பும். அதனால் அமைதியாக மூச்சு விடுங்கள், கடைசியாக ஒன்றை ஆழமாக இழுங்கள், போங்கள். அவ்வளவுதான்.

மோனோஃபினில் இதோடு இரண்டு சிக்கல் சேர்கிறது. முதலாவது, இது நம்மைச் சீக்கிரம் தூரமாகக் கொண்டுபோய்விடும். 40 மீட்டரில் நிறுத்திப் பழகியவர், கால் களைப்பே தெரியாமல் 60இல் இருப்பார். கால் தெம்பாக இருந்தாலும் மூளைக்குப் போகிற ஆக்சிஜன் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டாவது, இரண்டு காலும் ஒரே பலகையில் மாட்டியிருப்பதால், நாலடித் தண்ணீரில்கூடச் சட்டென்று எழுந்து நிற்க முடியாது. நிற்கப் போனால் தடுமாறி விழுவார்கள். "ஆழம் கம்மிதானே, முடியாவிட்டால் எழுந்து நின்றுகொள்ளலாம்" என்கிற எண்ணத்தை மோனோஃபின் மாட்டும்போதே கழற்றிவிட வேண்டும். முடிக்கும்போது கரை விளிம்பையோ லேன் கயிற்றையோ கையால் பிடிக்கிற தூரத்தில் முடியுங்கள்.

கூட இருப்பவர் ஸ்நார்க்கலும் துடுப்பும் போட்டு மேலே பக்கவாட்டில் தொடர வேண்டும். பின்னால் வந்தால் பிளேடு முகத்தில் அடிக்கும். கரையில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுப்பவர் காவலாளி கணக்கில் சேரமாட்டார். நினைவு தப்பினால் முதலில் முகத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். துடுப்பைக் கழற்றுவதெல்லாம் பிறகு. கண்ணாடி, மூக்கு கிளிப்பை எடுத்துவிட்டு முகத்தில் ஊதுங்கள், கன்னத்தில் தட்டுங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டு "மூச்சு விடு" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் சில வினாடிகளில் மூச்சு திரும்பிவிடும். திரும்பாவிட்டால் வாயில் மூச்சு கொடுக்க வேண்டும். இதையெல்லாம் கரையில் வைத்து ஒத்திகை பார்த்திருக்க வேண்டும், ஆள் மயங்கிக் கிடக்கும்போது படித்ததை யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. நன்றாக மேலே வந்தவரையும் அரை நிமிஷம் விடாமல் பாருங்கள். வந்து சிரித்துவிட்டு அதற்குப் பிறகு மயங்கியவர்கள் உண்டு.

---

கூடுதுறை (பவானி)

எல்லாரும் டைல்ஸ் ஒட்டிய தொட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாலடியில் பிளேடு தட்டுகிறது என்றால் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டியதுதானே? எங்கள் தோட்டத்துக் கிணறு எண்பதடி, கருங்கல் பாறை. இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. நாங்களெல்லாம் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு அதில்தான் நீச்சல் பழகினோம். எங்க அப்பாரு அடிவரை முங்கி ஒரு பிடி மண்ணெடுத்துக் கொண்டுவந்து காட்டுவார். குடமோ வாளியோ விழுந்தால் பாதாளக் கரண்டி தேடுவதற்குள் அவர் எடுத்துவந்துவிடுவார். துடுப்பு கிடையாது, கண்ணாடி கிடையாது. இந்த மோனோஃபினை மாட்டிக்கொண்டு அங்கே இறங்கினால் இரண்டு உதையில் அடியைத் தொட்டுவிடலாம். வருகிறவர்கள் வரலாம், மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டில்.

---

பனியன்கம்பெனி (திருப்பூர்)

சாப்பாட்டுக்கு மட்டும் வரலாங்களா?

---

மூச்சுக்கணக்கு (ஈரோடு)

@கூடுதுறை அண்ணா, உங்கள் அப்பாருவின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அழைப்புக்கும் நன்றி. ஆனால் அந்தக் கிணற்றில் மோனோஃபின் வேண்டாங்க, நீளத் துடுப்பும் வேண்டாம்.

குளத்தில் தூரம்தான் கூடுகிறது. கிணற்றில் ஆழம் கூடும்போது அழுத்தமும் கூடுகிறது. 33 அடி, அதாவது பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, நுரையீரலில் இருக்கிற காற்று பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த அழுத்தத்தில் மிச்சம் இருக்கிற ஆக்சிஜன் போதும் போலவே உடம்பு நினைத்துக்கொள்ளும். மேலே ஏற ஏற அழுத்தம் விட்டுப்போய், கடைசிச் சில மீட்டரில் நினைவு தப்பும். அந்த இடத்தில் கூட இருப்பவர் பிடிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் கை நீட்டினால் கை தெரியாது, எங்கே பார்த்துப் பிடிப்பது? பிடித்துவிட்டாலும் அங்கிருந்து மேலே முப்பதடி, பாறையில் நீட்டிக்கொண்டிருக்கிற படிக்கல்லில் மயங்கிய ஆளை எப்படி ஏற்றுவது? இது போக மோட்டார் கேபிள், ஃபுட் வால்வு, பழைய கயிறு. 70 செ.மீ. அகலப் பலகை எதில் மாட்டும் என்று யாருக்குத் தெரியும்? காதைச் சமன் செய்யத் தெரியாதவருக்குப் பத்துப் பன்னிரண்டு அடியிலேயே காதுவலி தொடங்கிவிடும். மோனோஃபின் அதைக் கவனிக்க நேரம் தராமல் இழுத்துக்கொண்டு போய்விடும்.

---

கூடுதுறை (பவானி)

அம்மிணி, நீங்கள் சொல்கிற கேபிள் கதை சரி. மோட்டாரை நிறுத்தாமல் யாரையும் இறங்க விடமாட்டோம், எர்த் கசிவில் போன உயிர்களைப் பார்த்திருக்கிறோம். மற்றபடி கிணற்றில் வளர்ந்தவனுக்கு இந்தப் பயம் எல்லாம் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது. நாங்கள் யாரும் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டுக்கொண்டு இறங்கியது கிடையாது, முட்டினால் மேலே வந்துவிடுவோம்.

---

லேன்நம்பர்4 (நாமக்கல்)

அதேதாங்க விஷயம். முட்டினால் மேலே வருவது உங்கள் பழக்கம். அதற்கு அப்புறமும் எவ்வளவு நேரம் தாங்கலாம் என்று பார்ப்பது எங்கள் பயிற்சி. ஒன்றில் சரியாக வந்தது இன்னொன்றில் வராது.

கிணறு மட்டுமில்லை. கீழ்பவானி வாய்க்காலிலோ மேட்டுப்பாளையம் பக்கம் ஆற்றிலோ போட்டுப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஓடுகிற தண்ணீரில் காலைக் கட்டிக்கொண்டு இறங்குவதும் இதுவும் ஒன்றுதான். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மேட்டுப்பாளையத்தில் ஆறு எப்படி ஏறும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

---

ஆழியாறு44 (பொள்ளாச்சி)

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பேரில் இருக்கிற எண்தான் என் வயது. நீச்சல் தெரியும், ஃப்ரீடைவிங் வகுப்பு ஒன்று போன வருஷம் அந்தமானில் முடித்தேன். கணுக்கால் கட்டைதான். இந்த வயதில் மோனோஃபின் பழகுவது புத்திசாலித்தனமா, இல்லை ஆசைக்கு ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுவதாக முடியுமா?

---

லேன்நம்பர்4 (நாமக்கல்)

ரஷ்யாவின் நதாலியா மொல்சனோவா 1962இல் பிறந்தவர். சின்ன வயதில் போட்டி நீச்சல், அப்புறம் நீண்ட இடைவெளி, நாற்பது வயதை ஒட்டித்தான் ஃப்ரீடைவிங்குக்கே வந்தார். 2009இல் மோனோஃபினோடு 100 மீட்டர் ஆழத்தைத் தாண்டிய முதல் பெண். 2014இல் குளத்தில் ஒரே மூச்சில் 237 மீட்டர் போனபோது அவருக்கு 52 வயது. மொத்தம் 41 உலகச் சாதனைகள். வயதைக் காரணம் சொல்லி அவர் பேரைக் கேட்ட பிறகும் தப்பிக்க முடியாதுங்க.

துடுப்பு எவ்வளவு தரும் என்பதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். போலந்தின் மத்தேயுஷ் மலினா 2016இல் ஃபின்லாந்தின் டுர்க்கு நகரில் துடுப்பே இல்லாமல் 244 மீட்டர் போனார். அதே போட்டியில் மோனோஃபினோடு 300. அதே ஆள், அதே நுரையீரல், உலகத்திலேயே சிறந்த நுட்பம், வித்தியாசம் 56 மீட்டர். நம்மைப் போன்றவர்களுக்கு, வெறும் காலில் 40 போகிறவருக்கு, மோனோஃபின் கொடுப்பது தூரத்தைவிட உடம்பைப் பற்றிய புத்தி என்றுதான் சொல்வேன். தோள் எங்கே இறுகியிருக்கிறது, இடுப்பு எங்கே தூங்குகிறது என்று காட்டிவிடும்.

---

மூச்சுக்கணக்கு (ஈரோடு)

அந்த நதாலியா 2015 ஆகஸ்டில் ஸ்பெயினின் ஃபோர்மெந்தேரா தீவுப் பக்கம் ஒரு சாதாரண முங்கலில் காணாமல் போனார், திரும்பக் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்தே சொல்லிவிடுவோம்.

@ஆழியாறு44, கட்டைக் கணுக்காலுக்கு: தரையில் மண்டியிட்டு, புறங்காலைத் தரையில் படிய வைத்து, குதிகால்மேல் மெதுவாக உட்காருங்கள். வலிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி மூச்சு விடுங்கள். தினமும் செய்தால் சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். முழங்காலில் பழைய அடி இருந்தால் இதைச் செய்ய வேண்டாம், உட்கார்ந்து கையாலேயே பாதத்தை அழுத்தி நீட்டுங்கள். ஹைப்பர் வகை பிளேடின் கோணம் கட்டைக் கணுக்காலுக்கு ஓரளவு இடம் கொடுக்கும், பழைய தட்டை வகை கொடுக்காது.

---

அச்சுப்பட்டறை (பீளமேடு)

ஃப்ரீடைவிங் எனக்குத் தெரியாது, பையன் போகிறான், அதனால் படிக்கிறேன். பவுண்டரிகளுக்கு பேட்டர்ன் செய்து கொடுப்பது தொழில். கண்ணாடி இழையோடு பழக்கம் உண்டு.

டைல்ஸில் தட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிளேடின் நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தால் உள்ளே இழைக்கும் ரெசினுக்கும் இடையே பிடிப்பு விட்டிருக்கிறது. நுனியில் சின்னதாக என்றால், ஈரம் போகக் காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சி ஒரு பூச்சு கொடுத்தால் போதும். பாலியெஸ்டர் ரெசின் வேண்டாம், அது விறைப்பாக நின்று வளையும்போது உதிரும். அதிகமாகப் பூசினாலும் நுனி கனத்துவிடும். அந்த பிளேடு காலருகே தடிமனாகவும் நுனியில் மெல்லிசாகவும் இருப்பது சும்மா இல்லை, வளைவு அங்கேதான் வர வேண்டும். பாதத்துக்கு அருகில் விரிசல் இருந்தால் ஒட்டுப்போட நினைக்காதீர்கள், அது நிற்காது. தேய்க்கும்போது முகமூடி, கையுறை போடுங்கள். அந்தத் தூசி ஒரு வாரத்துக்கு அரிக்கும்.

இன்னொன்று. மொட்டைமாடியில் காயப்போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். குளோரின் பட்ட ரப்பர், அதற்கு மேல் நம் ஊர் சித்திரை வெயில், இரண்டு வருஷத்தில் ஃபுட் பாக்கெட் வெடித்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். நுனியை ஊன்றிச் சுவரில் சாத்தி வைத்தால் பிளேடு ஒரு பக்கமாக வளைந்து நின்றுவிடும்.

---

சிறுவாணித்தண்ணி (கோவை)

அய்யா, பார்த்தேன். நுனியில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. நீங்கள் சொன்னபடியே செய்து, டைல்ஸ் பக்கம் போகாமல் ஆழமான முனையில் குறுக்கே நீந்திக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நாளாகப் பதில் போடாததற்குக் காரணம், சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான். ஒற்றைக் கையை நீட்டி நீந்தியதில் முதுகுவலி பெரும்பாலும் போய்விட்டது, தோள் இன்னும் திறக்கவில்லை. சாய்ந்து திரும்புவது வலப்பக்கம் வந்துவிட்டது, இடப்பக்கம் இன்னும் கோணல். மூச்சடக்கி நீள நீளமாகப் போவதை இப்போதைக்கு நான் தொடவில்லை. அகலவாக்கில் ஒரு தள்ளல், சில உதைகள், வந்து நன்றாக மூச்சு வாங்கிய பிறகு அடுத்தது, அவ்வளவுதான். போகிற தூரத்தை எண்ணாமல் உதையை எண்ணினால் நுட்பம் முன்னேறுகிறதா இல்லையா என்று தெரிகிறது. அதே அகலத்துக்கு உதை குறைந்தால் சரி. அவசரமாக இருக்கிற நாளில் எண்ணிக்கை தானாகவே ஏறிவிடுகிறது.

குளத்து மேனேஜரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பொதுமக்கள் நேரத்துக்கு முன்னால் ஆழமான முனையை நமக்கு விடுகிறார். அவர் போட்ட நிபந்தனை: யாரும் தனியாக இறங்கக்கூடாது, லைஃப்கார்டு வந்த பிறகுதான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். மூச்சுக்கணக்கு அக்கா முதல் அரை மணி நேரம் மீட்பு ஒத்திகை நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு வராதவர்களுக்குத் துடுப்பு தரமாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் இருப்பது 43ஆம் அளவு, முன்பக்க ஸ்நார்க்கல் இரண்டு இருக்கிறது.

---

கூடுதுறை (பவானி)

நானும் வருகிறேன். இறங்கமாட்டேன், பார்க்க மட்டும். கிணறு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

---

பனியன்கம்பெனி (திருப்பூர்)

லைக்ரா சாக்ஸ் மூன்று ஜோடி தயார். நிறம் மட்டும் கேட்காதீர்கள், எக்ஸ்போர்ட்டில் கழித்த துணி, ஒரு ஜோடி ஃப்ளோரசன்ட் பிங்க். மீசைக்காரருக்கு அதுதான்.

---

ஆழியாறு44 (பொள்ளாச்சி)

எனக்கு 8ஆம் நம்பர் செருப்பு. 43 லூசாக இருக்குமா?

---

சிறுவாணித்தண்ணி (கோவை)

8 என்றால் 42. நியோப்ரீன் சாக்ஸ் போட்டால் சரியாக உட்காரும், என்னுடையதையே தருகிறேன். ஆறே முக்காலுக்கு கேட்டில் நில்லுங்கள், செக்யூரிட்டியிடம் பேர் கொடுத்து வைக்கிறேன்.